துரையம்மாவுக்கு இருபத்தெட்டு டிகிரி

அப்பா,

இன்று காலை அம்மா என்னை ஐஸ்பெட்டி கழுவ வைத்தார். மேலறையில் பனி ஏறி ஏறிக் கதவு மூட மறுத்துவிட்டது. சுவிட்சை அணைத்து, கீழே பழைய கைலியை விரித்து, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது பெலாச்சான், அந்த இறால் விழுதின் வாசனை. நம் வீட்டில் ஐஸ்கட்டி கூடக் கருவாட்டுக் கடையில் பிறந்தது மாதிரி மணக்கிறது என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே அதைச் சப்புவீர்களே, அதே வாசனை. பனி உருக உருக, பின்பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் வெளியே வந்தன. ஒன்றின் மூடியில் கறுப்பு மையில் ‘அ’. இன்னொன்றில் ‘து’. கோழி கிளறியது மாதிரி என்று நீங்கள் சொல்லும் என் கையெழுத்துதான். ‘து’ காலி. ‘அ’ நிறைய ஐஸ், உருகி மறுபடி உறைந்து ஒரே பாளமாக.

அ என்றால் அப்பா. து என்றால் துரையம்மா. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் என் அப்பாவுக்கு ஒரு துரையம்மா இருந்தார் என்று ஊரே பேசும். அதனால் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் வாளி நிறைய இன்னும் நேரம் இருக்கிறது, முதலிலிருந்து சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறது.

உங்கள் நெஞ்சு பலவீனமாகிவிட்டது, இனி லோரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அதே மாதத்தில்தான் துரைக்கும் மாற்றல் வந்தது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறி எத்தனையோ வருஷம் ஆகியும் தோட்டத்து மேனேஜர் நமக்குத் துரைதான். பங்களா சாமான்களை ஏற்ற சேகர் அண்ணன் லோரியை எடுத்தார். உங்களுக்குப் பிறகு அந்த லோரி அவர் கைக்குப் போயிருந்தது. வழி காட்டுகிறேன் என்று சொல்லி நீங்களும் ஏறிக்கொண்டீர்கள். பதினெட்டு வருஷம் நீங்களே ஓட்டிய லோரி, அரை மைல் தள்ளி இருக்கிற பங்களா, அதற்கு வழி காட்ட ஓர் ஆள்.

சாயங்காலம் திரும்பியபோது நீங்கள் முன் சீட்டில் இல்லை. பின்னால், ஒரு கண்ணாடித் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சட்டை முழுக்கக் கடல் தண்ணீராக உட்கார்ந்திருந்தீர்கள். தொட்டிக்குள் பாதி தண்ணீர், பாறை, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு குட்டி மீன்கள். பாறை மேல் ஒரு கை. சத்தியமாக ஒரு கை மாதிரிதான் இருந்தது: தவிட்டு நிறத்தில், தடித்தடியாக விரல்கள், ஒவ்வொரு விரலிலும் பூம்பிஞ்சு மாதிரி ஏதோ அசைந்துகொண்டு.

“ஆளே பாதியாப் போயிட்டீங்க. இது எதுக்கு இப்ப?” என்றார் அம்மா.

“துரை தூக்கிப் போடச் சொன்னாரு.”

“போட வேண்டியதுதான?”

“உசுரோட இருக்கு. உசுரோட இருக்கிறத எப்படிலா தூக்கிப் போடுறது?”

சேகர் அண்ணன்தான் அது பவளம் என்று சொன்னார். பங்களாவில் இரவும் பகலும் ஏர்கோன் குளிரில் வளர்ந்த பிராணியாம். நான் அன்றைக்கே பேர் வைத்துவிட்டேன். பெரிய மீன், ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற மேஸ்திரி மாதிரி சின்ன மீனை விரட்டிக்கொண்டே இருந்ததால் அது மண்டோர். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர் மாதிரி மூலையில் நின்று எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்தது கிராணி. ஏர்கோன் இல்லாமல் வாழ்ந்தறியாத அந்தக் கை, துரையம்மா. “கிராணி காதுல விழுந்தா நம்ம வீட்டு கூரைய மாத்தித் தரமாட்டாரு” என்று அம்மா பயந்தார். நீங்கள் சிரித்தீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு உங்களிடமிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

டாக்டர் உங்களுக்கு உப்பைக் குறைத்தார், தண்ணீரைக் குறைத்தார். ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ், அதற்கு மேல் போனால் கால் வீங்கும். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ்கட்டி சப்பலாம். உப்பும் தண்ணீரும் ஆகாது என்று அவர் சொன்ன பிறகு போய், நீங்கள் உப்பும் தண்ணீருமாகவே இருக்கிற ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். இப்போது யோசித்தால், வேண்டுமென்றே செய்த குறும்போ என்று தோன்றுகிறது. என் வால் எங்கிருந்து முளைத்தது என்று அம்மா கேட்பதற்கு அதுதான் பதில்.

நம் வீட்டில் ஏர்கோன் இருந்தால் அது வீடே இல்லை, வேறு யாருடைய வீடோ. தகரக் கூரை, சீலிங் கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கூரை ‘டக் டக்’ என்று விரிந்து சத்தம் போடும். தொட்டிக்குச் சூடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். நான் டிஸ்பென்சரிக்குப் போய், அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மருந்து தருகிற டிரஸ்ஸரிடம் புளுகி, ஒரு தெர்மோமீட்டரை வாங்கி வந்தேன். தொட்டிக்குள் விட்டுப் பார்த்தோம். பாதரசம் ஏறவே இல்லை. கீழேயே குந்திக்கொண்டிருந்தது.

“பாத்தியா வாலு, துரையம்மாவுக்குக் காய்ச்சலே இல்ல.”

ஒரு வாரம் தினமும் காய்ச்சல் பார்த்தோம். தினமும் நார்மல். மண்டோரும் கிராணியும் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் தெர்மோமீட்டரைப் பள்ளிக்கு எடுத்துப் போய் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். அவர் அதன் முதல் கோட்டைக் காட்டிவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். மனுஷக் காய்ச்சல் பார்க்கிறது முப்பத்தைந்திலிருந்துதான் ஆரம்பிக்குமாம். அதற்குக் கீழே எது இருந்தாலும் அதற்குத் தெரியாது. முப்பத்துநான்கில் துரையம்மா வெந்து போனாலும் அது நார்மல் என்றே சொல்லியிருக்கும். சிரித்து முடித்து, லேப்பிலிருந்து நீளமான சிவப்புக்கோட்டு தெர்மோமீட்டர் ஒன்றைக் கொடுத்தார். பவளத்துக்கு இருபத்தெட்டு நல்லது, முப்பதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுத்துச் செத்துப் போகும், திடீரென்று குளிர வைத்தாலும் ஆகாது என்று மூன்று விஷயம் சொன்னார்.

அன்று மத்தியானம் நம் தொட்டி முப்பத்தொன்றரை.

அதற்குப் பிறகு நீங்கள் லோரி எஞ்சினைப் பிரிக்கிற மாதிரி தொட்டியைப் பிரித்து மேய்ந்தீர்கள். தகரச் சுவரை ஒட்டி இருந்ததை வீட்டின் நடுப்பலகைச் சுவருக்கு மாற்றினோம். மேலே மூடியிருந்த கண்ணாடியை எடுத்தோம். விளக்கை மத்தியானத்தில் போடாமல் பொழுது சாய்ந்த பிறகு போட்டோம். ஐஸை அப்படியே போட்டால் உருகிக் கலந்துவிடும் என்று, மூடி போட்ட டப்பாவில் உறைய வைத்து அதை மிதக்க விட்டோம். அதுதான் ‘து’. சேகர் அண்ணன் போர்டிக்சன் கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் டிரம்மில் கடல் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேல், காத்தாடி. தண்ணீர் மேல் காற்று பட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் இரண்டு டிகிரி இறங்கிவிடும். ஆனால் காற்று தண்ணீரைக் குடித்துவிடும். குறைந்ததற்குக் கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும் என்று, மரத்தில் ரப்பர் பால் பிடிக்கிற மங்கில் நல்ல தண்ணீர் மொண்டு ஊற்றுவீர்கள்.

“துரையம்மாவுக்கு நாளைக்கு மூணு மங்கு. எனக்கு மூணு கிளாஸ். ரெண்டு பேரும் பங்காளி லா.”

கண்ணாடி போட்டாலும் தெர்மோமீட்டரின் பொடிக்கோடு உங்களுக்குத் தெரியவில்லை. ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? இருபத்தெட்டில் ஒரு மஞ்சள் ரப்பர்பேண்டைச் சுற்றிவிட்டேன். சிவப்பு, மஞ்சளுக்குக் கீழே என்றால் நல்லது. மேலே என்றால் காத்தாடியைத் திருப்ப வேண்டும். ஈசிச்சேரில் படுத்தபடியே பார்த்துக்கொள்வீர்கள். படுக்கையில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியதால் அந்த ஈசிச்சேர்தான் அப்போது உங்களுக்குக் கட்டில், சீட்டு, லோரி எல்லாம்.

அந்த நாட்களில் நான் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளிடம் ஒரு புரளி கிளப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். தொட்டிக்குள் இருக்கிறது கடலில் முழுகின ஒரு கிழவியின் கை, பொய் சொன்னவன் எதிரில் நின்றால் விரலை மூடிக்கொள்ளும் என்றேன். மறுநாள் வாசலில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். மாங்காய் பறித்தது யார், பிள்ளை பார்க்கிற ஆயா வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்தது யார், எல்லாம் தானாக வெளியே வந்தது. நீங்கள் ஈசிச்சேரில் நீதிபதி மாதிரி சாய்ந்து எல்லாருக்கும் மன்னிப்பு கொடுத்தீர்கள். கடைசியில் என்னைக் காட்டி, “இவளையும் ஒரு வாட்டி நிக்க வை” என்றீர்கள். நான் நிற்கவில்லை.

சிக்கல் காத்தாடியில் இருந்தது. வீட்டில் ஒன்றே ஒன்று. இன்னொன்று தீபாவளிக்கு வாங்கலாம் என்றார் அம்மா, தீபாவளி தூரத்தில் இருந்தது. இருந்த ஒன்றுக்கும் கழுத்துச் சுளுக்கு. தானாகச் சுற்றாது, திருப்பி வைத்த பக்கம்தான் பார்க்கும். தொட்டியைப் பார்த்தால் உங்களுக்குக் காற்று இல்லை. உங்களைப் பார்த்தால் துரையம்மாவுக்கு இல்லை.

சீனப் பெருநாள் முடிந்து கித்தா மரமெல்லாம், ஒரு ரப்பர் மரம் விடாமல், இலை உதிர்த்துவிட்டது. தோட்டம் முழுக்க எலும்புக்கூடு மாதிரி நின்றது. வீட்டுக்குப் பின்னால் இருந்த நிழலும் போனது. அந்த வெயிலில் அம்மா பாலுக்கு மரம் சீவிவிட்டு வந்து, முகம் கழுவாமலேயே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறுவார். உங்கள் பனியன் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருக்கும். பேச ஆரம்பித்து, பாதியில் மூச்சுக்காக நிறுத்துவீர்கள். காத்தாடி மட்டும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு பவளத்துக்கு வீசிக்கொண்டிருக்கும்.

நீங்கள் கண் அசரும்போது நான் அதை உங்கள் பக்கம் திருப்புவேன். கண் விழித்ததும் நீங்கள் அந்தப் பக்கம் திருப்புவீர்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் எழுந்து போய்த் திருப்புவதற்கே உங்களுக்குப் பத்து நிமிஷம் மூச்சு வாங்குமாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு நாள் சண்டையே போட்டேன்.

“அது ஒரு மீன் மாதிரி பா. நீங்க மனுஷன்.”

“எனக்குச் சூடு தாங்கலன்னா வாயத் தொறந்து கத்துவேன். அது எங்க கத்தும்?”

“நீங்களும் கத்த மாட்டீங்க.”

“கத்துறேன் பாரு. ஆத்தா, சூடு. போதுமா?”

அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் அதை எவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன், தெர்மோமீட்டரை வெளியே எடுத்து ரப்பர்பேண்டை நகத்தால் உருட்டி முப்பத்தொன்றுக்கு ஏற்றினேன். அவ்வளவுதான். ஒரு விநாடி வேலை. டீச்சர் நாற்காலியில் பிசின் தடவியபோது கூட இதைவிட அதிகம் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

மத்தியானம் வந்து பார்த்தால், காத்தாடி உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். விழித்ததும், “இன்னிக்கு துரையம்மாவுக்குக் காத்தே வேண்டியிருக்கல. செவப்பு மஞ்சளத் தொடவே இல்ல” என்று எனக்குச் செய்தி சொன்னீர்கள். நான் அப்படியா என்றேன். என் வாழ்க்கையிலேயே நன்றாகப் பலித்த குறும்பு அது. மூன்று வாரம். உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது. சோற்றில் இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது. அம்மா கோயிலில் சூடம் கொளுத்தினார்.

மூன்றாவது வாரம் துரையம்மா விரலை மூடிக்கொண்டாள்.

முதலில் பிஞ்சுகள் உள்ளே போயின. பிறகு விரல்கள் சுருங்கிக் கை முஷ்டியானது. தவிட்டு நிறம் போய், சாம்பல், பிறகு சுண்ணாம்பு. நீங்கள் ஈசிச்சேரைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு மணிக்கணக்கில் பார்த்தீர்கள். சிவப்பு, மஞ்சளுக்குக் கீழேதான் இருந்தது. தண்ணீர் சரி, சூடு சரி, பிறகு என்ன குறை? பதில் தேடிக் கடைசியில் உங்கள் கையைப் பார்த்தீர்கள்.

“வாலு, இனிமே நீயே தண்ணி ஊத்து. நான் உள்ள கை வைக்கல.”

“ஏன்?”

“இத்தன மாத்திர முழுங்குறேன். வேர்வையிலகூட மருந்து வாசம். என் கை பட்டுதான் இப்படி ஆயிருக்கும். சீக்காளி கை.”

கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டீர்கள். ஒளித்து வைக்கிற மாதிரி. நான் வெளியே போய் குழாயடியில் நின்றேன். பிள்ளைகளிடம் நானே கிளப்பிய புரளி பலித்து, அந்தக் கை முஷ்டியாய் மூடிக்கொண்டது. உங்களுக்குக் காற்று வேண்டும் என்று செய்தேன். இப்போது நீங்கள் உங்கள் கையையே வெறுக்கிறீர்கள்.

திரும்பி வந்து, “பா, உங்க கை இல்ல. என் கை” என்றேன்.

ரப்பர்பேண்டை ஏற்றியதைச் சொன்னேன். தெர்மோமீட்டரைக் கொண்டுவரச் சொன்னீர்கள். ரப்பர்பேண்டைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினீர்கள். கோடு தெரியாததால், “இங்கயா? இங்கயா?” என்று என்னைக் கேட்டுக் கேட்டு இருபத்தெட்டில் நிறுத்தினீர்கள். அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடிக்கிற மூச்சு உங்களிடம் இல்லை என்பதும் தெரியும். அது இன்னும் மோசமாக இருந்தது.

“மூணு வாரம் நல்லாத் தூங்கினேன் லா” என்றீர்கள்.

“அதுக்குத்தான் பா.”

“தெரியுது. காத்து எனக்குக் குடு, அதுக்குக் குடு, சண்ட போடு, காத்தாடியத் தூக்கி காட்டுல போடு. டிகிரில மட்டும் கை வைக்காத. ஆஸ்பத்திரில டாக்டரு சிரிச்சிக்கிட்டே நல்லாருக்குங்கிறாரு. சேகரு நல்லாருக்கீங்கண்ணேங்கிறான். ஒங்கம்மா கோயிலுக்குப் போயிட்டு வந்து நல்லாருக்குங்கிறா. நான் நல்லா இல்லன்னு எனக்குத் தெரியும். இந்த வீட்டுல ஒரு நம்பராவது நெசமா இருக்கட்டும்.”

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, “காத்தாடிய அந்தப் பக்கம் திருப்பு” என்றீர்கள். திருப்பினேன்.

காற்றை இரண்டாக வெட்ட முடியாது என்பதால் நீங்கள் இடத்தை மாற்றினீர்கள். தோட்டத்திலேயே மத்தியானத்தில் குளிர்ச்சியான இடம் ஆயாக் கொட்டகை. அத்தாப்பு ஓலைக் கூரை, சிமெண்டுத் தரை, இலை உதிர்க்காத பெரிய மழைமரம் ஒன்று மேலே கவிந்திருக்கும். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது விட்டுப் போகிற கைக்குழந்தைகள் எட்டு, தொட்டில்கள் எட்டு, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பதினொரு மணிக்கு என் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து அங்கே போய் இறங்கினீர்கள். ஆயா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

“இங்க மூணு வயசுக்கு மேல சேக்குறது இல்லண்ணே.”

“நான் அழ மாட்டேன் ஆயா.”

“அழுதாலும் பால் கெடைக்காது. சொல்லிட்டேன்.”

“எனக்கு மூணு கிளாசுக்கு மேல ஆகவும் ஆகாது.”

மறுநாளே நான் அங்கிருந்த கரும்பலகையில், பிள்ளைகளின் பெயருக்குக் கீழே, ‘புதுப் பிள்ளை: பல் இருக்கிறது, கடிக்காது’ என்று எழுதி வைத்தேன். நீங்கள் அதை அழிக்க விடவில்லை. தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, தொட்டில் கயிறு ஒன்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டுவீர்கள். பதினெட்டு வருஷம் பெடல் மிதித்த கால் சும்மா இருக்காது என்பீர்கள். ஆயாவுக்குச் சமைக்க நேரம் கிடைத்தது. உங்களுக்கு நிழல் கிடைத்தது. வீட்டில் காத்தாடி முழு மத்தியானமும் துரையம்மாவுக்கு வீசியது.

என் வேலை ஒன்றே ஒன்று. பள்ளி முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போய் நம்பரைப் பார்த்து, சைக்கிளை மிதித்து வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். “இருபத்தெட்டே கால்.” நீங்கள் “ம்” என்பீர்கள். “இருபத்தொம்பது, கரண்டு அர மணி நேரம் போயிருச்சு.” “ம்.” குழந்தைகள் தூங்குவதால் கிசுகிசுவென்றுதான் சொல்வேன். ரகசியக் குறியீடு மாதிரி இருக்கும். ஒரு நாள்கூட நான் அரை டிகிரி குறைத்துச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றிய நாட்கள் இருந்தன.

துரையம்மா சாகவில்லை. ஆனால் திறக்கவும் இல்லை. சுண்ணாம்பு முஷ்டியாகவே இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் மூன்றாவது முறை போனபோது, இரண்டு நாளில் வந்துவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் அந்த ‘அ’ டப்பாவை நிரப்பி வைத்தேன். நான்காவது நாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே தோட்டத்தில் கரண்டு இல்லை; எங்கோ கம்பி அறுந்துவிட்டது, சரிசெய்யப் பொழுது சாய்ந்துவிடும் என்றார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொட்டி முப்பத்தொன்று. ‘து’ டப்பாவை மிதக்க விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வார்டில் அம்மா உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் கண்ணால் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

“எத்தன?”

என்ன கேட்கிறீர்கள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இருபத்தெட்டு என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பதும் புரிந்தது. உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருக்கும், நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

“முப்பத்தொண்ணு பா. கரண்டு இல்ல.”

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டீர்கள். “அப்ப நீ இங்க என்னா பண்ற?”

“உங்களப் பாக்க வந்தேன்.”

“பாத்துட்டல்ல. எனக்கு மேல காத்தாடி ஓடுது, பாரு. அது அங்க ஒண்டியா கெடக்கு. போ.”

“அம்மா மட்டும்…”

“போ லா.”

போனேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து, வழியில் மளிகைக் கடையில் ஐஸ் வாங்கிப் பையில் கட்டி மிதக்க விட்டு, காலண்டர் அட்டையால் தண்ணீர் மேல் விசிறிக்கொண்டே இருந்தேன். கை மாற்றிக் கை மாற்றி, மூன்று மணி நேரம். மண்டோரும் கிராணியும் மேலே வந்து வாயைப் பிளப்பதை நிறுத்திவிட்டுக் கீழே போயின. பொழுது சாய்கிற நேரத்தில் கரண்டு வந்து காத்தாடி ஓட ஆரம்பித்தது. அட்டையைக் கீழே போட்டேன். வாசலில் சேகர் அண்ணனின் மோட்டார் சத்தம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.

“வா தங்கச்சி. அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

அந்த ஹெல்மெட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் உள்ளே திரும்பிப் போய்த் தெர்மோமீட்டரைப் பார்த்தேன். நீங்கள் கேட்பீர்களே. வார்டில் உங்கள் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். காதுப் பக்கம் குனிந்து, “இருபத்தொம்பது பா” என்றேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

“போகச் சொன்னதுக்கப்புறம் ஒங்கப்பா பேசவே இல்லடி. மேல காத்தாடியப் பாத்துக்கிட்டே இருந்தாரு” என்று பிறகு ஒரு நாள் சொன்னார். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சேகர் அண்ணன்தான் ஒரு முறை, எனக்காக வருத்தப்பட்டு, “ஆஸ்பத்திரில எல்லாம் சும்மா நல்லாருக்குன்னு சொல்லிறணும் தங்கச்சி” என்றார். நல்ல மனசு. கடல் தண்ணீர் இன்னும் அவர்தான் கொண்டுவந்து தருகிறார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. போன மாத மழையில் துரையம்மா ஒரு விரலைத் திறந்தாள். சுண்டுவிரல். பிறகு இன்னொன்று. நிறமும் திரும்புகிறது, பால் கம்மியான கோப்பி மாதிரி. கட்டைவிரல் வராது போலிருக்கிறது, அது கரைந்துவிட்டது. நான்கு விரல் கைதான் இனி. அதைப் பார்க்க ஆயா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, குழந்தைக்கு அந்த விரல்களைக் காட்டிவிட்டுப் போனார்.

பரீட்சைக்கு ட்யூஷன் என்று இப்போது வாரம் மூன்று நாள் அதே பஸ்ஸில் போகிறேன், அதே ஆஸ்பத்திரியைத் தாண்டி. ஜன்னல் சீட்டு கிடைத்தால் அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்ப்பேன். “இருபத்தெட்டு பா.” நீங்கள் “ம்” என்கிறீர்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறேன். நாலு மணி, அஞ்சு மணி, ஆறு மணி. உங்கள் கை என் கையில் இருக்கிறது. அந்தக் கதையில் எல்லாமே நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் என்னை நம்பி ஒன்று கேட்டீர்கள், நான் உங்களுக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இறங்குகிற இடம் வருவதற்குள் திருத்திவிடுகிறேன். முப்பத்தொன்று பா, கரண்டு இல்லை. போ என்கிறீர்கள்.

போகிறேன்.